தீப்பிடிக்கும் முன்பே மருந்தா? புகைக் காயத்துக்கான தாவரச் சேர்ம ஆய்வுகள் குறித்து ஒரு திறந்த மடல்

மருத்துவ ஆய்வுக்கு நிதி ஒதுக்கும் குழுக்களுக்கும், விலங்கு ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுக்களுக்கும், ஆய்விதழ் ஆசிரியர்களுக்கும்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

தீ விபத்தில் புகையைச் சுவாசித்து நுரையீரல் புண்ணானவர்களுக்குத் தாவரச் சேர்மங்கள் உதவுமா என்ற கேள்வியோடு உங்கள் மேசைக்கு விண்ணப்பங்களும் கட்டுரைகளும் வந்துகொண்டே இருக்கின்றன. மஞ்சளின் குர்குமின், குவெர்செட்டின், ரெஸ்வெரட்ரால், பைக்கலின், எமோடின், தேயிலைக் கேட்டச்சின் என்று பெயர்கள் மாறுகின்றன. செய்முறை பெரும்பாலும் மாறுவதில்லை. எலிக்கு மூன்று நாளோ ஐந்து நாளோ சேர்மத்தைக் கொடுக்கிறார்கள், பிறகு புகைப்பெட்டிக்குள் விடுகிறார்கள், ஆறு மணி நேரத்திலோ இருபத்துநான்கு மணி நேரத்திலோ நுரையீரலை எடுத்து எடை பார்க்கிறார்கள். நீர்க்கோவை குறைந்திருக்கிறது. 'சிகிச்சைக்கு வாய்ப்புள்ள சேர்மம்' என்று கட்டுரை முடிகிறது.

மூன்று நாளில் வீடு தீப்பிடிக்கும் என்று தெரிந்து மருந்து சாப்பிட்டுக் காத்திருந்தவர் எவரும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்ததில்லை.

எங்கள் கோரிக்கை இதுதான். சேர்மத்தைப் புகைக்குப் பிறகு கொடுக்க வேண்டும். வழக்கமான சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போது அதன் மேல் கொடுக்க வேண்டும். அது நுரையீரலை எட்டிய அளவை அளந்து காட்ட வேண்டும். இவை மூன்றும் இல்லாத ஆய்வைச் 'சிகிச்சை' ஆய்வு என்ற தலைப்பில் ஏற்காதீர்கள். தீயணைப்பு வீரர்களுக்கு முன்காப்பு தேடுகிறோம் என்று ஒருவர் சொன்னால் அது நியாயமான ஆய்வுதான். ஆனால் அதற்கு ஆண்டுக்கணக்கில் தினமும் விழுங்கக்கூடிய சிறு அளவில் சோதிக்க வேண்டும். கிலோவுக்கு 200 மி.கி. வீதம் மூன்று நாள் புகட்டுவது அதற்கும் விடையாகாது.

தாவரங்கள் மேல் எங்களுக்கு அவநம்பிக்கை எதுவும் கிடையாது. ஆடாதோடையின் வாசிசினைப் பின்பற்றித்தான் புரோம்ஹெக்சின் உருவானது. அது உடலில் மாறிக் கிடைக்கும் பொருளே இன்று சளி இளக்கும் ஆம்ப்ராக்சால். அம்மி விஸ்னாகா என்ற செடியின் கெல்லினிலிருந்து ஆஸ்துமாவுக்கான குரோமோகிளைகேட் வந்தது. இவையெல்லாம் 'தாவரத்தில் இருக்கிறது, ஆகவே நல்லது' என்பதோடு நின்றிருந்தால் மருந்தாகியிருக்காது. மூலக்கூறைத் திருத்தினார்கள், அளவு கண்டார்கள், உள்ளே செலுத்தும் வழியை மாற்றினார்கள். புகைக் காயத்துக்கான ஆய்வுகளில் அந்த உழைப்பு நடக்கவில்லை என்பதே எங்கள் குறை.

புகை உடலுக்குள் என்ன செய்கிறது, எந்த நேரத்தில் செய்கிறது என்பதை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் எடைபோட முடியும். வெப்பம் பெரும்பாலும் குரல்வளைக்கு மேலேயே தணிந்துவிடுகிறது. நீராவி மட்டும் கீழே இறங்கிச் சுடும். குரல்வளைக்குக் கீழே நடப்பது வேதிக் காயம். பருத்தியும் மரமும் எரிந்தால் அக்ரோலின், ஃபார்மால்டிஹைடு என்ற எரிச்சலூட்டும் நச்சுகள்; பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு. பாலியூரித்தேன் நுரை, கம்பளி, நைலான் எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடு. இவை எல்லாவற்றோடும் கார்பன் மோனாக்சைடு கலந்து வருகிறது. முதல் சில நிமிடங்களில் அக்ரோலின் மூச்சுப்பாதை நரம்பு நுனிகளில் உள்ள 'டி.ஆர்.பி.ஏ.-1' வாயிலைத் திறந்துவிட, நரம்பிலிருந்து 'சப்ஸ்டன்ஸ் பி' போன்ற பொருள்கள் வெளியேறுகின்றன. செம்மறியாடுகளில் 20 நிமிடங்களுக்குள் மூச்சுக்கிளைத் தமனியின் இரத்த ஓட்டம் பத்து மடங்கு வரை ஏறுவதைப் பதிவுசெய்திருக்கிறார்கள். அந்த இரத்தம் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்களைக் கொண்டுவந்து கொட்டுகிறது. நைட்ரிக் ஆக்சைடும் சூப்பர் ஆக்சைடும் சேர்ந்து பெராக்சிநைட்ரைட் என்ற கடும் வினைப்பொருளாகி, டி.என்.ஏ. உடைந்து, அழற்சிக்கான மரபணுக்கள் முடுக்கிவிடப்படுகின்றன. அடுத்த ஒன்றிரண்டு நாளில் மூச்சுக்கிளையின் உட்படலத்திலிருந்து உரிந்த செல்கள், சளி, இரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரின் புரதம், இறந்த வெள்ளணுக்கள் எல்லாம் சேர்ந்து மூச்சுக்கிளைகளுக்குள் அச்சு வார்த்ததுபோல் கட்டியாகின்றன. அந்தக் கட்டி அடைத்த பகுதி சுருங்குகிறது, திறந்திருக்கும் பகுதிக்குள் வென்டிலேட்டர் தள்ளும் காற்று அளவுக்கு மீறிப் போகிறது, மூன்றாம் நாளிலிருந்து நிமோனியா.

நோயாளி எங்கள் கைக்கு வரும்போது முதல் அத்தியாயம் முடிந்திருக்கும். மீட்பு, ஆம்புலன்ஸ், ஆக்சிஜன், குழாய் செருகல், சயனைடு சந்தேகம் இருந்தால் அதற்கு முறிமருந்தான ஹைட்ராக்சோகோபாலமின் என்று ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் போய்விடுகிறது. அதற்கு முன் எந்தத் தாவரச் சேர்மமும் உள்ளே போக வழியில்லை. ஆகவே விலங்கிலும் முதல் வேளை மருந்து புகை முடிந்து குறைந்தது ஒரு மணி நேரத்துக்குப் பிறகே போக வேண்டும். இன்னொரு குழுவுக்கு நான்கு மணி நேரம் கழித்தும் கொடுத்துப் பார்த்தால்தான் கதவு எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்று தெரியும்.

'முன்பே கொடுத்து வேலைசெய்கிறதா என்று பார்க்கிறோம், பின்னால் கொடுப்பதை அடுத்த கட்டத்தில் பார்ப்போம்' என்பது வழக்கமான பதில். இந்த இடத்தில் அந்தப் பதில் செல்லாது. காரணம் வேதியியலில் இருக்கிறது. குர்குமின், சல்ஃபோராஃபேன், நிலவேம்பின் ஆண்ட்ரோகிராஃபோலைடு ஆகியவை செல்லுக்குள் உள்ள புரதங்களில் கந்தக அணு நீட்டிக்கொண்டிருக்கும் இடங்களை, அதாவது அவற்றின் கந்தகக் கைகளை, பிடித்துக்கொள்ளும் இயல்புடையவை. அந்தச் சிறு உறுத்தலை உணர்ந்த செல் 'என்.ஆர்.எஃப்-2' என்ற காவல் பொறியைத் தட்டி எழுப்பி, சில மணி நேரத்தில், நஞ்சைப் பிணைத்துச் செல்லைக் காக்கும் குளுட்டாதயோன் என்ற பொருளின் கையிருப்பைக் கூட்டிக்கொள்கிறது. அதன் பிறகு புகை வந்தால் செல் தாங்குகிறது. முன்கூட்டியே கொடுத்த ஆய்வுகள் நன்றாக வருவதற்கு இதுவே முக்கியமான காரணம் என்பது எங்கள் கணிப்பு. ஆனால் அக்ரோலினும் பிடிப்பது அதே கந்தகக் கைகளைத்தான். புகைக்குப் பிறகு செல்லின் குளுட்டாதயோன் கரைந்து கிடக்கும்போது, மேலும் ஒரு கந்தகப்பிடி சேர்மத்தைப் பெரிய அளவில் கொண்டுபோய்க் கொட்டினால் மிச்சமிருக்கும் கையிருப்பும் போகலாம். முன்னால் கொடுத்தால் காப்பாற்றும் அதே பொருள் பின்னால் கொடுத்தால் கெடுதல் செய்ய வாய்ப்புண்டு. முதல் கட்டம் இரண்டாம் கட்டத்துக்கு வழிகாட்டாது, எதிர்த்திசையைக்கூடக் காட்டலாம். புகைக்குப் பின் 1, 4, 24 மணி நேரங்களில் நுரையீரல் திசுவின் குளுட்டாதயோனை, ஆக்சிஜனேற்றம் அடைந்தது, அடையாதது என்று தனித்தனியாக அளந்து காட்டச் சொல்லுங்கள். திசுவை எடுத்த கணமே திரவ நைட்ரஜனில் உறையவைத்து, கந்தகக் கைகளை மூடும் வினைபொருளைச் சேர்த்திருக்க வேண்டும். இல்லையென்றால் மேசையில் கிடக்கும்போதே ஆக்சிஜனேற்றம் நடந்துவிடும், எண்ணுக்கு மதிப்பிருக்காது.

செல் வளர்ப்புத் தட்டு ஆய்வுகளில் இதைவிட எளிய பிழை ஒன்று இருக்கிறது. புகைச்சாற்றையும் (திரவத்தில் கரைத்த புகை) சேர்மத்தையும் ஒரே நேரத்தில் கிண்ணத்தில் ஊற்றுகிறார்கள். பாலிஃபீனால்கள் (குர்குமின், குவெர்செட்டின், கேட்டச்சின் போன்ற தாவரச் சேர்மங்களின் குடும்பம்) பலவும் அக்ரோலினோடு நேரடியாக வினைபுரிந்து அதைப் பிணைத்துவிடும். செல்லைத் தொடும் முன்பே நஞ்சு தீர்ந்துபோயிருக்கும். செல் பிழைத்தது என்பது சிகிச்சையின் பலனாகாது. புகைச்சாற்றை முதலில் விட்டு, ஒரு மணி நேரம் கழித்து, இருமுறை கழுவி, புது ஊடகத்தில் சேர்மத்தைச் சேர்த்தால் மட்டுமே அது நோயாளியின் நிலைமைக்கு அருகில் வரும். சாறு எதன் சாறு என்றும் கேளுங்கள். கைக்கு எளிதில் கிடைப்பது என்பதால் சிகரெட் புகைச்சாற்றையே பலர் எடுத்துக்கொள்கிறார்கள். எரியும் மெத்தையின் புகைக்கு அது ஈடாகாது.

தேயிலைக் கேட்டச்சின்களில் ஒன்றான இ.ஜி.சி.ஜி. போன்றவை வளர்ப்பு ஊடகத்திலேயே தாமாக ஆக்சிஜனேற்றம் அடைந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். செல் காட்டும் எதிர்வினை சேர்மத்துக்கா, அந்தப் பெராக்சைடுக்கா என்று பிரித்தறியக் கேட்டலேஸ் நொதி சேர்த்த ஒரு கிண்ணம் போதும். பத்து நிமிட வேலை. அதைச் செய்த கட்டுரைகள் அரிது. அளவீட்டிலும் இப்படித்தான். குர்குமின் மஞ்சள் நிறப் பொருள். 425 நானோமீட்டர் அருகே ஒளியை உறிஞ்சி, 500-க்கு மேலே ஒளிர்கிறது. செல்லைத் தாக்கும் ஆக்சிஜன் மூலிகங்களை அளக்கும் டி.சி.எஃப். சாயமும் ஏறத்தாழ அதே இடத்தில்தான் ஒளிர்கிறது. செல் உயிரோடிருக்கிறதா என்று பார்க்கும் எம்.டி.டி. சாயத்தைப் பாலிஃபீனால்கள் செல்லே இல்லாத கிண்ணத்திலும் நிறம் மாற்றிவிடும். செல் இல்லாத கிண்ணத்தின் எண்ணைக் காட்டாத படத்தை ஆசிரியர்கள் திருப்பி அனுப்பலாம்; எதையும் இழந்துவிட மாட்டார்கள்.

அளவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தட்டில் வேலைசெய்யும் செறிவு பெரும்பாலும் 10 முதல் 50 மைக்ரோமோலார். மனிதர்கள் ஒரு நாளில் 8 கிராம் குர்குமினை விழுங்கிய ஆய்வில், இரத்தத்தில் கிடைத்த உச்சம் 2 மைக்ரோமோலாரைத் தொடவில்லை. சீரம் இல்லாத, பி.எச். 7.2 கொண்ட கரைசலில் 37 டிகிரியில் குர்குமின் அரை மணி நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு சிதைந்துபோகிறது. அப்படியானால் தட்டில் வேலை செய்தது குர்குமினா, அதன் சிதைவுப் பொருளா?

விலங்கு அளவை மனித அளவாக மாற்ற ஒரு எளிய கணக்கு உண்டு. கிலோவுக்கான மி.கி.யை எலிக்கு 6.2 ஆலும், சுண்டெலிக்கு 12.3 ஆலும் வகுக்க வேண்டும். எலிக்குக் கிலோவுக்கு 200 மி.கி. வாய்வழி என்றால் மனிதருக்குக் கிலோவுக்கு 32 மி.கி.; 70 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 2.3 கிராம். கேட்பதற்குச் சாத்தியம் போலத்தான் இருக்கிறது. ஆனால் பெரிய தீக்காயத்தோடு வருபவரின் குடல் முதல் சில நாள்கள் மந்தமாகக் கிடக்கும். மூக்குவழிக் குழாயில் போடும் தூளில் ஒரு பங்கு குழாய்ச் சுவரிலும் திரவ உணவிலும் ஒட்டிக்கொள்ளும். சுண்டெலிக்கு வயிற்றறைக்குள் ஊசியாகக் கிலோவுக்கு 100 மி.கி. கொடுத்தது என்றால் மனிதருக்கு 570 மி.கி. நரம்புவழியாகப் போக வேண்டும். நீரில் கரையாத பொருளை அப்படிச் செலுத்த ஏதாவது ஒரு கரைப்பான் தேவை. குர்குமின் ஊசி போட்டவர்களுக்குக் கடும் ஒவ்வாமை ஏற்பட்டதையும் ஒருவர் இறந்ததையும் குறித்து அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-ல் எச்சரித்தது. அந்த ஊசியில் ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த கரைப்பான் இருந்தது. நச்சுப் பொருளான டையெத்திலீன் கிளைக்காலும் அதில் கலந்திருந்தது. கரைப்பானைப் பற்றி ஒரு வரிகூட எழுதாத விண்ணப்பம் பாதி விண்ணப்பம்தான்.

விலங்கு ஆய்வில் பழக்கமாகிப்போன கரைப்பான் டி.எம்.எஸ்.ஓ. அது ஹைட்ராக்சில் மூலிகத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். மருந்தின் பெயரில் கரைப்பானைச் சோதித்துவிடக் கூடாதென்றால், புகை மட்டும், புகையும் கரைப்பானும், புகையும் கரைப்பானும் சேர்மமும், புகை இல்லாமல் சேர்மம் மட்டும் என்று நான்கு குழுக்கள் தேவை. உப்புநீரை ஒப்பீட்டுக் குழுவுக்கும் டி.எம்.எஸ்.ஓ.வைச் சேர்மக் குழுவுக்கும் கொடுத்த ஆய்வை எந்தக் காரணம் சொன்னாலும் ஏற்க வேண்டாம்.

சேர்மத்தின் தூய்மை அடுத்த சிக்கல். கடையில் 'குர்குமின்' என்று விற்பதில் குர்குமின் முக்கால் பங்குக்குச் சற்று மேல். மீதி அதன் இரு உடன்பிறப்புகள். தாவரச் சாறு என்றால் இனம், உறுப்பு, பிழியும் முறை, உட்கூறுகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. வரைபடம், ஈயம், பூச்சிக்கொல்லி எல்லாம் தொகுதிக்குத் தொகுதி வேண்டும். இவற்றைப் பலரும் கேட்கிறார்கள். கேட்க மறப்பது எண்டோடாக்சினை. மண்ணிலிருந்து வரும் பொருளில் பாக்டீரியாச் சுவரின் எச்சம் ஒட்டியிருக்கும். அதைச் சிறிய அளவில் முன்கூட்டியே விலங்குக்குக் கொடுத்தால் அடுத்து வரும் அழற்சிக்கு அந்த விலங்கு மரத்துப்போகிறது. அதாவது அழுக்கான சாறு, முன்கூட்டியே கொடுக்கப்படும் ஆய்வில், அருமருந்து போல வேடம் போடும். சோதிப்பதிலும் கவனம் தேவை: வழக்கமான எல்.ஏ.எல். சோதனை தாவரச் சர்க்கரைச் சங்கிலியான பீட்டா-குளுக்கனுக்கும் 'ஆம்' என்று சொல்லிவிடும். குளுக்கனுக்கு ஏமாறாத, மறுசேர்க்கை முறையில் செய்த 'ஃபேக்டர் சி' சோதனையைக் கேளுங்கள். கூடவே, தெரிந்த அளவு எண்டோடாக்சினைச் சாற்றில் கலந்து அது முழுதாகத் திரும்பக் கிடைக்கிறதா என்றும் காட்டச் சொல்லுங்கள். சாற்றிலுள்ள பொருள்கள் சோதனையையே அடக்கிவிடுவதுண்டு.

நுரையீரலில்தானே நோய், நேரே மூச்சோடு கொடுத்துவிடலாமே என்று தோன்றும். எங்களுக்கும் அதுவே சரியான வழி என்று படுகிறது, ஆனால் வழி நெடுகப் பள்ளங்கள். துளி 1 முதல் 5 மைக்ரான் இருக்க வேண்டும். பெரிதானால் குழாயின் வளைவிலேயே படிந்துவிடும். கரைசலின் செறிவு இரத்தத்தை ஒட்டி, 300 மில்லிஆஸ்மோல் அளவில் இருக்க வேண்டும். மிக நீர்த்திருந்தாலும் மிக உப்பாக இருந்தாலும் புண்ணான மூச்சுக்கிளை இறுகிக்கொள்ளும். சல்ஃபைட், பென்சால்கோனியம் போன்ற பாதுகாப்புப் பொருள்களும் இறுக்கத்தைத் தூண்டும், அவை இருக்கக் கூடாது. நீரில் சரியாகக் கரையாத பாலிஃபீனால் மருந்தை நுண்துளியாக்கும் வலைத்தகட்டு நெபுலைசரின் துளைகளில் படிந்து அடைக்கும். அரை மணி நேரம் ஓடியும் கோப்பையில் பாதி மிச்சமிருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். பிசுபிசுப்பான சேர்மம் வென்டிலேட்டரின் வெளிமூச்சு வடிகட்டியில் சேர்ந்தால் வெளிமூச்சு தடைபட்டு நுரையீரலுக்குள் காற்று தேங்கி அழுத்தம் ஏறும். மருத்துவர் அதை நோய் முற்றியதாக எண்ணிக்கொள்ளக்கூடும். ஒவ்வொரு வேளைக்கும் பிறகு வடிகட்டியை மாற்ற வேண்டும் என்று செய்முறைக் குறிப்பில் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

எண்ணெய்களைப் பற்றித் தனியாகவே எச்சரிக்கிறோம். எண்ணெய்த்துளி நுரையீரலின் நுண்ணறைக்குள் (காற்றுப்பைக்குள்) போனால் கொழுப்பு நிமோனியா வரும். 2019-ல் அமெரிக்காவில் மின்-சிகரெட் பிடித்தவர்களிடையே பரவிய நுரையீரல் நோயில் 'வைட்டமின் இ அசிடேட்' முக்கியமான குற்றவாளியாகக் கண்டறியப்பட்டது. 2020 பிப்ரவரிக்குள் 68 பேர் இறந்திருந்தனர். விழுங்கினால் சாதுவான பொருள் மூச்சில் போனால் கொல்லும். தைல ஆவிகளிலும் இதே கவனம் வேண்டும். இலவங்கப்பட்டையின் சின்னமால்டிஹைடும் கடுகின் காரப்பொருளும் அக்ரோலின் திறக்கும் அதே டி.ஆர்.பி.ஏ.-1 வாயிலைத்தான் திறக்கின்றன. எரியும் நரம்பில் மேலும் எண்ணெய் ஊற்றுவதுபோல. புதினா மென்தால் இன்னும் தந்திரமானது. மிகுந்த அளவில் அது சுண்டெலியின் டி.ஆர்.பி.ஏ.-1 வாயிலை அடைக்கிறது, மனிதரின் வாயிலைத் திறக்க மட்டுமே செய்கிறது. சுண்டெலியில் இருமல் போன்ற எரிச்சல் அடங்கியதைக் காட்டி மனிதருக்குப் பரிந்துரைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

விலங்குத் தேர்வு நெறிமுறைக் குழுக்களின் கையில் இருக்கிறது. எலி மூக்கால் மட்டுமே மூச்சுவிடும். புகையின் பெரும்பகுதியை அதன் மூக்குச் சுருள்களே வடிகட்டிவிடும். மூச்சுக்குழலைத் தாண்டி அதன் கிளைகளில் சளிச் சுரப்பிகள் அநேகமாகக் கிடையாது. ஆகவே நோயாளியை உண்மையில் திணறடிக்கும் அச்சுக்கட்டி எலியில் மனிதரில் போல உருவாவதில்லை. எலியில் நுரையீரலின் ஈர எடை குறைந்தது என்பது பயனுள்ள முதல் தகவல், அவ்வளவே. செம்மறியாட்டில் கட்டி உருவாகிறது. டெக்சாஸின் கால்வெஸ்டனில் வளர்த்தெடுத்த முறையில், மயக்கமருந்து கொடுத்த ஆட்டுக்கு மூச்சுக்குழல் துளை வழியாக, 40 டிகிரிக்குக் கீழே குளிரவைத்த பருத்திப் புகையை 12 மூச்சு வீதம் நான்கு முறை, மொத்தம் 48 மூச்சு செலுத்துகிறார்கள். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் கார்பாக்சிஹீமோகுளோபின் (கார்பன் மோனாக்சைடு பிடித்த ஹீமோகுளோபின்) அளவைப் பார்க்கிறார்கள். பிறகு வென்டிலேட்டரில் வைத்து 48 மணி நேரம் கண்காணிக்கிறார்கள். செலவு அதிகம். ஆனால் நூறு எலிகளை வைத்துக் கேட்க முடியாத கேள்வியை ஆறேழு ஆடுகளை வைத்துக் கேட்கலாம்.

எந்த விலங்கானாலும் ஒவ்வொன்றும் எவ்வளவு புகை வாங்கியது என்று தெரியாமல் ஒப்பிட முடியாது. பெட்டியின் மூலையில் பதுங்கி மூச்சை அடக்கும் எலியும் நடுவில் ஓடும் எலியும் ஒரே அளவு புகையை வாங்குவதில்லை. புகை முடிந்த ஐந்து நிமிடத்துக்குள் இரத்தம் எடுத்துக் கோ-ஆக்சிமீட்டரில் கார்பாக்சிஹீமோகுளோபினைப் பார்த்து, அந்த எண் முன்பே வகுத்த வரம்புக்குள் இருக்கும் விலங்குகளை மட்டும் அதன் பிறகு குலுக்கிப் பிரிக்க வேண்டும். முன்கூட்டியே கொடுக்கும் ஆய்வில் இந்த ஒழுங்கு இயலாது என்பதையும் கவனியுங்கள். மருந்து கொடுத்த விலங்கு மூச்சைக் குறைத்துப் புகையைக் குறைவாக வாங்கியிருந்தாலும் அது 'பாதுகாப்பு' என்றே கணக்காகும். இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் இறந்த விலங்குகளை எண்ணிக்கையிலிருந்து நீக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். மிக மோசமாகக் காயப்பட்டவை அவைதான்.

வழக்கமான சிகிச்சையின் மேல் என்று கேட்டோமே, அதன் பொருள்: ஒப்பீட்டுக் குழுவுக்கும் 100% ஆக்சிஜன் (அறைக் காற்றில் நான்கைந்து மணி நேரமாக இருக்கும் கார்பாக்சிஹீமோகுளோபினின் அரை ஆயுள் இதனால் ஒன்று, ஒன்றரை மணி நேரமாகக் குறையும்), சிறு அளவுக் காற்றால் இயக்கும் வென்டிலேட்டர், சளி உறிஞ்சல். பல மையங்களில் கட்டியைத் தளர்த்த நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நெபுலைசரில் இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் 5,000 முதல் 10,000 யூனிட், சளி இளக்கும் 20% என்-அசிட்டைல்சிஸ்டீன் 3 மி.லி., இரண்டையும் மாற்றி மாற்றி, மூச்சுக்கிளை இறுகாமலிருக்கச் சால்பியூட்டமால் துணையோடு, ஏழு நாள் வரை கொடுக்கிறார்கள். இதற்கான சான்றும் கலவையானதுதான். ஆனால் என்-அசிட்டைல்சிஸ்டீன் தானே கந்தகக் கை கொடுக்கும் பொருள். அதன் மேல் இன்னொரு ஆக்சிஜனேற்றத் தடுப்பான் ஏதேனும் கூட்டுகிறதா என்பதே கேள்வி. ஒன்றுமே கொடுக்காத விலங்கோடு ஒப்பிட்டால் அதற்கு விடை கிடைக்காது.

மருந்துகள் ஒன்றோடொன்று மோதும் இடம் தீவிர சிகிச்சைப் பிரிவு. குர்குமின் உறிஞ்சப்படுவதைக் கூட்ட மிளகின் பைப்பரின் 20 மி.கி. சேர்ப்பது 1998 முதல் பிரபலம்; அளவு இருபது மடங்கு ஏறியது என்பார்கள். ஏறுவதற்குக் காரணம், மருந்துகளைக் கழிக்கும் கல்லீரல், குடல் நொதிகளைப் பைப்பரின் அடக்குவது. அதே நொதிகள்தான் வலிக்கும் மயக்கத்துக்கும் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கும் ஃபென்டனிலையும் மிடாசோலாமையும் கழிக்கின்றன. நோயாளி விழிக்காமல் போனால் மூளைக்கு அடி என்று தேடிக்கொண்டிருப்போம். அதிமதுரத்தின் கிளிசிரைசின் பொட்டாசியத்தை இறக்கும், இரத்த அழுத்தத்தை ஏற்றும். குவெர்செட்டின் போன்றவை இரத்தத்தில் ஏறத்தாழ முழுவதும் அல்புமின் என்ற இரத்தப் புரதத்தோடு ஒட்டிச் செல்பவை. தீக்காயத்தில் அல்புமின் சரிந்துவிடுவதால் ஆரோக்கியமானவரிடம் கண்ட அளவுக் கணக்கு இங்கே பொருந்தாது. இன்னொன்று, ஹைட்ராக்சோகோபாலமின் பெற்றவரின் இரத்த நீர்மமும் (பிளாஸ்மா) சிறுநீரும் சிவந்துவிடும். நிறத்தை வைத்து அளக்கும் எந்தச் சோதனையும், 'மொத்த ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறன்' சோதனை உட்பட, அதற்குப் பிறகு நம்பத்தக்கதல்ல.

எதற்கு நிதி தரலாம் என்று கேட்டால், எங்கள் விருப்பங்கள் இவை. வைட்டமின் இ-யின் ஒரு வடிவமான காமா-டோகோஃபெரால் முதலில். செம்மறியாட்டில், காயத்துக்குப் பிறகு, நெபுலைசர் வழியாகக் கொடுத்துப் பயன் காட்டிய மிகச் சில தாவரப் பொருள்களில் அது ஒன்று. 2008-லேயே வெளியான வேலை. மின்-சிகரெட்டில் வைட்டமின் இ-யின் அசிடேட் வடிவம் உண்டாக்கிய கேட்டை மனதில் வைத்து, எண்ணெய்த்துளியின் நுண்ணறைப் பாதுகாப்பை முதலில் முடிக்க வேண்டும். அடுத்து கிளிசிரைசின். அழற்சியைத் தூண்டும் எச்.எம்.ஜி.பி.-1 புரதத்தோடு அது நேரடியாகப் பிணைகிறது. ஜப்பானில் கல்லீரல் அழற்சிக்கு நரம்பு ஊசியாகப் பல பத்தாண்டுகள் பயன்பட்டதால் மனித அளவும் பக்கவிளைவும் தெரியும். கட்டிகளுக்கு ஆம்ப்ராக்சால்: பழைய மருந்து, கவர்ச்சி இல்லை, ஆனால் சோதிக்க எளிது. குவெர்செட்டின் குடும்பத்தில் எங்களை ஈர்க்கும் கேள்வி ஒன்றுண்டு. உடல் அதனோடு ஒரு சர்க்கரை அமிலத்தைப் பூட்டி, குளுக்குரோனைடாக மாற்றி முடக்கிவிடுகிறது. ஆனால் அழற்சி உள்ள இடத்தில் நியூட்ரோஃபில்கள் வெளியிடும் நொதி அந்தப் பூட்டைத் திறக்கக்கூடும். புகைபட்ட நுரையீரலின் கழுவுநீரில் (உள்ளே உப்புநீர் விட்டு உறிஞ்சியெடுத்த நீர்) பூட்டிய வடிவம் எவ்வளவு, திறந்த வடிவம் எவ்வளவு என்று அளக்கும் சிறு ஆய்வுக்கு நாங்கள் மகிழ்ச்சியோடு கைதூக்குவோம். மஞ்சள் நிறத்துக்காக மட்டும் இன்னொரு குர்குமின் எலி ஆய்வுக்குக் கைதூக்க மாட்டோம்.

மனிதப் பரிசோதனைக்கான இடங்கள் மிகக் குறைவு என்பதையும் எண்ணிப் பாருங்கள். நெபுலைசர் ஹெப்பாரினுக்காகப் பல மையங்கள் சேர்ந்து நடத்திய ஒரு பரிசோதனை 13 பேரைச் சேர்த்த நிலையிலேயே, சேர்க்கை மெதுவாக நடந்ததாலும் மருந்துச் செலவாலும் நிறுத்தப்பட்டது. ஏற்கெனவே மருத்துவமனை அலமாரியில் இருக்கும் மருந்துக்கே அந்தக் கதி. தவறான விலங்கு ஆய்வைப் பிடித்துக்கொண்டு ஒரு சேர்மம் அந்த வரிசையில் நின்றால், நிற்க வேண்டிய இன்னொன்று வெளியே போகும்.

நீங்கள் உடனே செய்யக்கூடியவை சில. நிதிக் குழுக்கள் விண்ணப்பப் படிவத்தில் இரண்டு கட்டங்களைச் சேர்க்கலாம்: 'புகை முடிந்ததற்கும் முதல் வேளைக்கும் இடையே எத்தனை நிமிடம்', 'அந்த வேளைக்குப் பிறகு நுரையீரல் கழுவுநீரில் எதிர்பார்க்கும் செறிவு எவ்வளவு, எந்த முறையில் அளப்பீர்கள்'. முதல் கட்டத்தில் கழித்தல் குறியோடு எண் வந்தால் அந்த விண்ணப்பத்தை முன்காப்புப் பிரிவுக்கு மாற்றிவிடலாம். நெறிமுறைக் குழுக்கள், முன்கூட்டியே கொடுக்கும் எலி ஆய்வு ஏற்கெனவே வெளியான சேர்மத்துக்கு அதே ஆய்வை மறுபடி அனுமதிக்க வேண்டாம். அந்த எலிகள் வீணாகப் புகையில் சாகின்றன. ஆசிரியர்கள், தலைப்பில் 'சிகிச்சை' என்ற சொல் வர வேண்டுமானால் புகைக்குப் பின் கொடுத்திருக்க வேண்டும் என்ற விதியை எழுதுங்கள். செம்மறியாட்டில் பயன் தராத சேர்மங்களின் முடிவுகளுக்கும் பக்கம் ஒதுக்குங்கள். எந்தச் சேர்மம், எந்த அளவில், எந்த மணி நேரத்தில் கொடுத்தும் வேலை செய்யவில்லை என்ற பட்டியல் கையில் இருந்தால், அடுத்த விண்ணப்பத்தைப் படிக்க உங்களுக்கு அரை மணி நேரம் போதும்.

இப்படிக்கு,
தீக்காயத் தீவிர சிகிச்சை, மருந்தியல், விலங்கு ஆய்வுத் துறைகளில் பணியாற்றும் சிலர்